அரிசி மூட்டையோடு பேருந்து ஏறும் முன்

கோலாலம்பூர் வட்டாரத் தமிழ் இளைஞர் மன்றப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கினால் பூர்வக்குடி கம்போங்குகளுக்கு, அதாவது அவர்களின் கிராமங்களுக்கு, பேருந்து எடுப்பது உங்களில் பலருக்கு வழக்கம். அரிசி, பதாகை, குழுப்படம். கொடுப்பதைக் கொடுங்கள். கூடவே அவர்களின் வழிவழி நிலத்தை வரைபடமாக்க, அளவுநாடா பிடிக்கத் தெரிந்த நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு போங்கள்.

சிலாங்கூரின் டெங்கில் புக்கிட் தம்போயில் 1995இல் விமான நிலைய நெடுஞ்சாலைக்காகத் தெமுவான் பூர்வக்குடி மக்களின் நிலம் எடுக்கப்பட்டது. மரத்துக்கும் வீட்டுக்கும் இழப்பீடு உண்டு, மண்ணுக்கு இல்லை என்றார்கள். ஊர்க்காரரான சகோங் தாசியும் மற்ற அறுவரும் வழக்குப் போட்டார்கள். 'இவர்கள் காட்டை நம்பியா வாழ்கிறார்கள்?' என்ற எதிர்வாதம் 2002இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றத்தில் எடுபடவில்லை. வழிவழியாக அங்கேயே இருந்ததும் வழக்கங்கள் தொடர்ந்ததும் கணக்கில் வந்தன. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தோட்டத் துண்டாடலின்போது கிராண்ட் என்ற நில உரிமைப் பத்திரம் இல்லாமல் கோயிலை இழந்த நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே வழிவழியாக இருந்ததற்குச் சான்றாக வரைபடத்தில் குறிக்க வேண்டியவை: கல்லறை, ஓடை, பழைய டுரியான் டூசுன் (பழத்தோப்பு). முதலில் ஊர்த்தலைவரான தோக் பாத்தினிடம் அனுமதி. பெரியவர் முன்னே நடக்க, நீங்கள் பின்னால். அடர்ந்த மரநிழலில் கைப்பேசி ஜிபிஎஸ் பத்து இருபது மீட்டர் தப்பும். ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நின்று மூன்று முறை குறித்துச் சராசரி எடுங்கள். எந்த ஆயமுறை (இடத்தை எண்களால் குறிக்கும் முறை) என்பதையும் எழுதுங்கள். நில அளவை வரைபடம் வேறு முறையில் இருந்தால் உங்கள் கல்லறை பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்குள் போய் விழும். எதிர்த்தரப்புக்கு அது ஒன்றே போதும்.

டுரியான் மரத்தைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுங்கள். சுற்றளவை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. யார் நட்டது, அவர் யாருக்குப் பாட்டன் என்பதைச் சொன்னவர் பெயர், தேதியோடு ஒலிப்பதிவு செய்யுங்கள். தேதியில்லாப் பதிவு பாதி வீண். ஓடைப் பெயரை அவர்கள் உச்சரிப்பிலேயே முதலில் எழுதி, மலாய்ப் பெயரை அடுத்து வையுங்கள். தெமுவான் பேச்சு மலாய்க்கு நெருக்கம். கேரி தீவில் வாழும் மா மெரி பூர்வக்குடியினரின் மொழியோ கம்போடியாவின் கெமருக்கு உறவு. கேட்டதை மலாய்ச் சொல்லாகத் திருத்துவதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு.

வரைபடத்தின் மூலப்பிரதி ஊரிடமே இருக்கட்டும். முகநூலில் போட்டால் அகில்மரத் திருடர்களுக்கு வழிகாட்டியதாகிவிடும்.

கேரி தீவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். ஹரி மோயாங் என்பது மா மெரி மக்கள் முன்னோருக்குச் செய்யும் வழிபாடு. நம் படையலுக்கு நடுவே யாராவது கேமராவோடு நுழைந்தால் விடுவோமா? அவர்கள் செதுக்கும் மர முகமூடி வாங்கினால் பேரம் பேசாதீர்கள். அது ஒரே கட்டையில் குடையப்படுவது; அந்தக் கட்டை 'ஞிரே பாத்து' என்னும் அலையாத்தி மரம். சதுப்பு நிலம் போனால் கட்டைக்கு எங்கே போவார்கள்?

இன்னொன்று. பேருந்தில் 'சக்காய்' என்று யாராவது கிண்டலடித்தால் அங்கேயே நிறுத்துங்கள். அடிமை என்ற பொருளில் வழங்கிய வசவு அது. ஊர்க்காரர்களுக்கு அந்தச் சொல் நன்றாகவே காதில் விழும்.

இப்படிக்கு,
நிலவரைப் பயிற்சித் தன்னார்வலர்கள்,
கோலாலம்பூர்