இன்ஜின் கட்டி முடித்தும் வண்டி ஏன் ஒரு நாள் நிற்கிறது?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பட்டறைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் இரண்டு கேள்விகளுக்காக இந்த மடல். ஒன்று, "இன்ஜினை ஏத்தியாச்சுன்னு நேத்தே சொன்னீங்க, இன்னிக்கும் வண்டி அப்படியே நிக்குதே?" மற்றது பில்லைப் பார்த்ததும் வருவது: "டைமிங் செட்டிங்னு தனியா ஒரு வரி போட்டிருக்கீங்களே, டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பிவிடற வேலைதானே?" 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்துபோன பிறகு, தண்ணீர் ஏறிய இன்ஜின்களைப் பிரித்துக் கட்டும் வேலை எங்களுக்குக் கூடியது. கேள்விகளும் கூடிவிட்டன.

டிஸ்ட்ரிபியூட்டர் என்பது ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம். அதைத் திருப்பிவிடுகிற வேலைதான். எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதில்தான் அந்த ஒரு நாள் போகிறது.

கிராங்க் பிஸ்டன்களை ஏற்றி இறக்குகிறது, கேம் ஷாஃப்ட் வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான் சுற்ற வேண்டும். அதனால் கேமின் பல்சக்கரத்தில் பற்கள் இரண்டு மடங்கு. இரண்டையும் செயினோ பெல்ட்டோ இணைக்கிறது. கேம் சக்கரத்தில் 40 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது ஒரு பல் தவறினால் கேம் 9 டிகிரி தள்ளிப்போகும், கிராங்க் கணக்கில் அது 18 டிகிரி. அப்போதும் வண்டி பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும், அதுதான் வம்பே. இழுவை இருக்காது, பெட்ரோல் குடிக்கும், நீங்களும் கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டே ஓட்டுவீர்கள்.

பிளக்கில் பொறி விழும் நேரம் இதைவிட நுணுக்கமானது. நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் கிராங்க் ஒரு விநாடியில் 18,000 டிகிரி திரும்புகிறது. பொறி பட்டதும் பெட்ரோல் கலவை ஒரே நொடிப்பில் எரிந்து முடிவதில்லை, விநாடியில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு நேரம் பிடிக்கும். அதற்குள் கிராங்க் 36 டிகிரியாவது போய்விடும். அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே பொறி விழ வேண்டும். ரொம்ப முன்னால் விழுந்தால், ஏறி வருகிற பிஸ்டன் தலையிலேயே அடி விழுகிறது. பின்தங்கினால் பாதி எரிச்சல் சைலன்சரில் போய் வீணாகி இன்ஜின் சூடேறும்.

இதற்கெல்லாம் முதல் படி, முதல் சிலிண்டரின் பிஸ்டன் சரியாக எப்போது உச்சியில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது. பிளக் ஓட்டையில் ஸ்க்ரூடிரைவரை விட்டு, அது ஏறி நின்றதும் "இதுதான் உச்சி" என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். உச்சிக்கு அருகே பிஸ்டன் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். அம்பாஸிடரின் 1489 சி.சி. இன்ஜினில், கிராங்க் உச்சியிலிருந்து 5 டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் கால் மில்லிமீட்டர்கூட இறங்காது. கையில் பிடித்த ஸ்க்ரூடிரைவருக்கு அது எங்கே தெரியப்போகிறது?

எங்கள் வழி இது. பிளக் ஓட்டையில் முறுக்கி ஏற்றும் ஒரு தடுப்பை மாட்டுகிறோம். பழைய பிளக்கின் உள்பகுதியை எடுத்துவிட்டு நடுவில் போல்ட் வைத்து, நாங்களே லேத்தில் செய்துகொண்டது. கிராங்கைக் கையால் மெல்லத் திருப்புவோம். பிஸ்டன் தடுப்பில் முட்டி நிற்கும் இடத்தில் புல்லியில் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் திருப்பி, மறுபடி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவேதான் உண்மையான உச்சி. கம்பெனி போட்ட குறி அதோடு ஒத்துப்போனால் நல்லது. புல்லியின் வெளி வளையம் ரப்பரில் ஒட்டியிருக்கும் வகை இன்ஜின்களில், ரப்பர் பழசாகி வளையம் நகர்ந்து குறியே பொய் சொல்வதும் உண்டு.

உச்சி கிடைத்தாலும் வேலை முடியவில்லை. நாலு ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் இரண்டு தடவை உச்சிக்கு வருகிறது: அழுத்தி முடித்து ஒரு தடவை, புகையைத் தள்ளி முடித்து ஒரு தடவை. பொறி வேண்டியது முதலாவதுக்கு. இங்கே நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். பட்டறை தொடங்கிய புதிதில் ஓர் அம்பாஸிடர் இன்ஜின் கட்டினேன். வியாழக்கிழமை மாலை முடித்தாயிற்று, மறுநாள் விடியற்காலை அவர்கள் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குக் கிளம்ப வேண்டும். டைமிங் செயின் சக்கரங்களின் புள்ளிகளை நேருக்கு நேர் வைத்துத்தான் மாட்டியிருந்தேன். சாவியைத் திருப்பினால் கார்புரேட்டர் வழியாக டப் டப்பென்று வெடித்து, உதவிக்கு நின்ற பையனின் புருவம் பொசுங்கியது. இரண்டு நாள் கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். மூன்றாம் நாள்தான் முதல் பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அடைத்துக்கொண்டு கிராங்கைத் திருப்பச் சொன்னேன். காற்று விரலைத் தள்ளியது, அழுத்தி ஏறுகிற உச்சி அதுதான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால், உள்ளே சுழன்று மின்சாரத்தைக் கொடுக்கும் ரோட்டார் நாலாவது பிளக்கின் ஒயரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது! அந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரின் அடிநாக்கு நடுவிலிருந்து சற்று விலகி இருக்கும், தப்பாக உட்காரவே உட்காராது. ஆனால் அதைச் சுழற்றும் கீழ்த்தண்டை அரைச்சுற்று மாற்றி இறக்கியிருந்தேன். அந்தக் குடும்பம் பஸ்ஸில்தான் வேளாங்கண்ணி போனது. அவர்கள் இன்றும் நம் வாடிக்கையாளர்கள் என்பது அவர்களுடைய பெருந்தன்மை.

அன்றிலிருந்து கட்டைவிரல் வைக்காமல் ஒரு இன்ஜினையும் மூடுவதில்லை. அப்புறம் ஒயர் வரிசை, அதாவது எந்த சிலிண்டருக்கு அடுத்து எதில் பொறி விழ வேண்டும் என்பது: அம்பாஸிடருக்கும் பத்மினிக்கும் 1-3-4-2, மூன்று சிலிண்டர் மாருதி 800-க்கு 1-3-2. அம்பாஸிடரில் ரோட்டார் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும் என்பதையும் மறக்கக் கூடாது.

சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட்டை லேத்தில் சீவியிருந்தால், கேம் மேலே இருக்கும் இன்ஜின்களில் இன்னொரு சங்கதி உண்டு. சீவிய அளவுக்குக் கேம் கீழே இறங்குவதால் கிராங்குக்கும் அதற்கும் உள்ள தூரம் குறைந்து, கேம் ஒரு துளி பின்தங்கும். லேசாகச் சீவினால் பெரிதாகத் தெரியாது. இரண்டு மூன்று முறை சீவிய ஹெட் என்றால் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். பெல்ட்டோ செயினோ மாட்டியதும் கிராங்கைக் கையால் முழுசாக இரண்டு சுற்று சுற்றிக் குறிகளை மறுபடி பார்க்கிறோம். சில இன்ஜின்களில் குறி தவறினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். கையால் சுற்றும்போது முட்டினால் நிறுத்திக்கொள்ளலாம், ஸ்டார்ட்டர் மோட்டார் நிற்காது.

புது கேம் போட்ட பழைய வகை இன்ஜினை முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் 20 நிமிடம் 2000 சுற்றுக்குக் குறையாமல் ஓட விட வேண்டும். கேமும், அது தள்ளிவிடும் டேப்பட்டும் ஒன்றோடொன்று பழகுவது அப்போதுதான். கர்கர்ரென்று ஸ்டார்ட்டரை ஓட்டிக்கொண்டே இருந்தால் எண்ணெய் வழிந்து புது கேம் முகம் தேய்ந்துவிடும். ஆகவே சாவி போடும் முன்பே, சின்ன பல்பு ஒன்றைப் பாயிண்டுக்கு (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் விலகிச் சேரும் சின்ன சுவிட்ச், அது விலகும்போதுதான் பொறி) கொடுத்து, பாயிண்ட் விலகி பல்பு எரியத் தொடங்கும் அந்த இடத்தில் டிஸ்ட்ரிபியூட்டரை நிறுத்துகிறோம். பிறகு பொறியை முந்தவைக்கும் வேக்கம் குழாயைக் கழற்றிவிட்டு, பொறி விழும்போதெல்லாம் மின்னிப் புல்லிக் குறியைக் காட்டும் டைமிங் லைட் அடித்துப் பார்ப்போம். அந்த 20 நிமிடச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் பக்கத்து வீட்டம்மாவுக்கு இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறோம்.

கடைசியாக நாலு பேரை ஏற்றி மேட்டில் ஓட்டுவோம். நம்ம ஊரில் மேட்டுக்கு எங்கே போவது? பேரிலாவது மேடு இருக்கிறதே என்று கோரிமேட்டுப் பக்கம் போகிறோம். மூன்றாம் கியரில் அழுத்தும்போது கிணிகிணி என்று சத்தம் வந்தால் பொறி முந்துகிறது என்று அர்த்தம், கொஞ்சம் பின்னால் கொண்டுவருவோம்.

புதிய வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. பொறி நேரத்தை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். ஆனால் பெல்ட்டில் ஒரு பல் தவறியதை அது இழுத்துச் சரிசெய்யாது, எஞ்சின் விளக்கைத்தான் எரியவிடும்.

ஒரு வேண்டுகோள். வண்டியை எடுத்துப் போன பிறகு, பிக்கப் போதவில்லை என்று வழியில் யாரிடமாவது டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பச் சொல்லாதீர்கள். புது பாயிண்டில் உரசும் முனையான குதி முதல் சில நூறு கிலோமீட்டரில் தேயும், இடைவெளி சுருங்கும், பொறி தானாகவே பின்தங்கும். அது எதிர்பார்த்ததுதான். 500 கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுவாருங்கள், ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்து, லைட் அடித்துப் பார்த்துத் தருகிறோம். இதற்குக் காசு வாங்குவதில்லை. இரவே கொண்டுவந்து விட்டுவிட்டால் நல்லது, டேப்பட் இடைவெளியையும் ஆறிய இன்ஜினில் பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், பட்டறை பூட்டியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் பட்டறையிலிருந்து,
கடலூர் சாலை, முதலியார்பேட்டை, புதுச்சேரி