சொந்தக் கடைப் பெயருக்கு ஏலம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வணிகப் பக்கத்தில் இணைய விளம்பர வளர்ச்சி பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை விவரம் தெரிந்துகொள்ள. இரண்டாம் முறை, அந்த ஒரு வரி நிஜமாகவே அங்கே இருக்கிறதா என்று பார்க்க. இருக்கிறது. உலகமே ஒரே சந்தையாகிவிட்டதால் சிங்கப்பூர்த் தேக்காவில் மசாலா அரைப்பவரும் பன்னாட்டு நிறுவனமும் இன்று ஒரே மேடையில் நிற்கிறார்களாம்.

தேக்காவில் மசாலா அரைப்பவன் நான். அந்த மேடையில் எனக்கு எந்த மூலை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று கட்டுரையாளரிடம் கேட்டுச் சொன்னால் ஒரு நாள் கடையை அடைத்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

1994 அக்டோபரில் ஹாட்வயர்ட் இணையத்தளத்தில் ஏடி அண்ட் டி நிறுவனம் வைத்த பட்டை (பேனர்) விளம்பரத்தில் தொடங்கி, 2000-இல் கூகுள் 350 விளம்பரதாரர்களோடு ஆரம்பித்த விளம்பரச் சேவை வரை வரலாறு சரியாகவே இருந்தது. குறை சொல்ல மாட்டேன். பக்கம் திறக்கும் கண்ணிமைப்பொழுதில் விளம்பர இடம் ஏலம் விடப்படுகிறது என்பதையும் எழுதியிருந்தார். தாங்கள் அறியாததல்ல, ஏலம் என்றால் எதிரில் நின்று கேட்பவனின் முகம் தெரிய வேண்டும். இந்த ஏலத்தில் எதிராளியையும் தெரியாது, ஏலம் விடுபவரையும் தெரியாது. என் வங்கி அட்டை எண் மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகளின் யோசனைப்படி 300 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) இணைய விளம்பரம் கொடுத்தேன். நிறுவனத்தின் பெயரை எழுதினால் நீங்கள் வெட்டிவிடுவீர்கள் என்பதால் எழுதவில்லை. என் கடை எப்படிப்பட்டது என்றால், வீட்டிலிருந்து மிளகாயும் மல்லியும் வறுத்துக் கொண்டுவந்து, முக்காலியில் உட்கார்ந்து காத்திருந்து, அரைத்த தூளைச் சூடு ஆறுவதற்குள் வாங்கிப்போகும் கடை. சொடுக்கு (கிளிக்) ஒன்றுக்கு 1.20 வெள்ளி வீதம் பத்தே நாளில் 250 சொடுக்குகள். மகளுக்கு ஒரே மகிழ்ச்சி. கடைக்கு ஒருவரும் வரவில்லை. பிறகு தோண்டிப் பார்த்தால் சொடுக்கியவர்களில் பாதிப் பேர் திருச்சியிலும் துபாயிலும் இருக்கிறார்கள். இந்த இடத்தில் இருப்பவர்கள் மட்டுமல்லாமல், இந்த இடத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் காட்டு என்ற தேர்வு முன்கூட்டியே போடப்பட்டிருந்ததாம். சிங்கப்பூரைச் சுற்றிப்பார்க்க ஆசைப்படும் திருச்சிக்காரர் மல்லியைத் தூக்கிக்கொண்டு விமானத்திலா வருவார்? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதற்கு மேல் 27 வெள்ளி பொருள் சேவை வரி. ஆண்டு விற்றுமுதல் ஒரு மில்லியன் வெள்ளியை எட்டாததால் வரிக்குப் பதிவு செய்துகொள்ளாத என் போன்ற கடைக்கு அந்த 9 விழுக்காடு திரும்பி வராது. ஒரே மேடை என்றவர் இதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இதைவிட ஒன்று. என் கடையின் பெயரையே தட்டித் தேடினால் முதலில் வேறொரு பொட்டல மசாலா நிறுவனத்தின் விளம்பரம் வருகிறது. என் பெயரை அவர்கள் ஏலத்தில் எடுத்திருக்கிறார்கள். அது விதிக்கு உட்பட்டதுதானாம். மேலே வர வேண்டுமானால் நானும் கேட்க வேண்டும். 1972-இல் அப்பா வைத்த பெயர், ஐயா. அதற்கு நான் ஏலம் கேட்க வேண்டும். இரண்டு மாதம் கேட்கவும் செய்தேன், வெட்கத்தை விட்டு.

யார் பணம் கொடுத்தாலும் இடம் உண்டு என்பதன் மறுபக்கம் உங்கள் பத்திரிகையிலேயே வந்ததுதான். அப்போது பிரதமராக இருந்த லீ சியன் லூங் அவர்களின் முகத்தையும் குரலையும் போலியாகச் செய்து முதலீட்டு விளம்பரம் ஓட்டினார்கள். 2023 டிசம்பரில் அவரே எச்சரிக்க வேண்டியதாயிற்று. மோசடிக்காரனுக்கு அந்த மேடையில் முன்வரிசை கிடைக்கிறது.

கடைசியாக உங்கள் வீட்டுக்கே வருகிறேன், மன்னிக்கவும். சென்ற ஆண்டு என் அண்ணன் காலமானபோது உங்கள் இணையப் பக்கத்தில் வந்த மரண அறிவிப்பை உறவினர்களுக்கு அனுப்பினேன். அண்ணன் படத்துக்குக் கீழேயே ஆயுள் காப்புறுதி விளம்பரம். ஜொகூரிலிருந்து அண்ணி வழி மைத்துனர் தொலைபேசியில் கேட்டார், ஏற்பாடு யாருடையது என்று. தீபாவளி நேரத்தில் அதே பக்கத்தில் வந்த துணிக்கடை விளம்பரத்தில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுக் கழன்று தனித்தனியாகக் கிடந்தன. தமிழ்ப் பத்திரிகையின் பக்கத்தில் தமிழ் அப்படிக் கிடந்தது. அது எங்கிருந்தோ தானாக வந்து விழுவது, எங்கள் கையில் இல்லை என்று உங்கள் அலுவலகத்தில் பதில் சொன்னார்கள். அது பற்றி எழுதிய கடிதம் நான்கு வரியாகச் சுருங்கி வந்தது. போகட்டும்.

1998-இல் உங்கள் தீபாவளி மலரில் என் கடைப் பெயரைத் தவறாக அச்சிட்டீர்கள். மறுநாள் காலை விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர் நேரில் வந்தார். திட்டினேன். தேநீர் குடித்தார். அடுத்த வாரம் காசில்லாமல் சரியாகப் போட்டார். இப்போது நான் திட்ட வேண்டுமானால் ஆங்கிலத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதற்கு இயந்திரம் நன்றி சொல்கிறது.

என் வேண்டுகோள் சிறியது. மரண அறிவிப்புப் பக்கத்திலாவது அந்த ஏல விளம்பரங்களை நிறுத்துங்கள். முன்பு கடைசிப் பக்கத்தில் இருந்த விளம்பரப் பிரிவின் தொலைபேசி எண்ணை, மனிதர் எடுக்கும் எண்ணாகப் பார்த்து, மறுபடியும் அச்சிடுங்கள். இந்தத் தீபாவளிக்கு இரண்டு பத்தி அகலத்தில் ஒரு விளம்பரம் கொடுக்க நினைக்கிறேன். கூப்பிடுவதானால் மாலை நான்கு மணிக்கு மேல் கூப்பிடச் சொல்லுங்கள். அதற்கு முன் இயந்திரம் ஓடும், மணி காதில் விழாது.

இப்படிக்கு,
மாவு மில் வைத்திருக்கும் வாசகன்,
தேக்கா வட்டாரம்