மாது, அந்த ரேடியோவை மெயினில் போடாதே

பாலக்கோடு
ஞாயிறு இரவு

அன்புள்ள மாது,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இன்னும் பதில் போடவில்லை. அதற்காகத் திட்டுவதை நேரில் வரும்போது திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. பெரியவன் ஓசூரிலேயே வேறு கம்பெனிக்கு மாறிவிட்டான். தக்காளி விலையைப் பற்றி மட்டும் கேட்காதே.

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படம்தான் இப்போது எழுத உட்காரவைத்தது. ரிடையர் ஆனதும் ஏதாவது கிறுக்குப் பிடிக்கும் என்று உன் வீட்டுக்காரம்மா அன்றே சொன்னது சரியாகிவிட்டது. பழைய வால்வு ரேடியோ, அதுவும் மர கேபினட்! பார்த்ததும் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நான்கு ரோட்டுக் கடையில் நாம் இரண்டு பேரும் முதன்முதலில் பாட வைத்த செட்டு நினைவுக்கு வந்தது, அன்று முதலாளி வாங்கிக்கொடுத்த முட்டை போண்டாவும் நினைவுக்கு வந்தது. அப்புறம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்பக்க அட்டை இல்லை. முன்னால் வலது பக்கத் திருகு குமிழ் இல்லை, இரும்புத் தண்டு மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கிறது. டயல் விளக்கு எரிகிறது. அந்தத் தண்டுக்கு ஒரு சாண் தள்ளி உன் பேத்தியின் கை.

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையிலேயே போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் நீ சிரித்துவிட்டு, "நமக்குத் தெரியாத கரண்டா" என்பாய். அதனால் எழுதுகிறேன், நின்று படி.

போன மாதம் நடந்த ஒன்றை உனக்குச் சொல்லவில்லை. தங்கச்சி பையன் ஒரு வருடமாக என் கடையில் உட்காருகிறான், உனக்குத் தெரியும். டவர் ஸ்பீக்கர் ஒன்று உயிரே இல்லாமல் வந்தது. பையன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கழற்றினான், நானே பார்த்தேன். அரைமணி நேரம் கழித்து உள்ளேயிருந்த பவர் சப்ளை போர்டை அடியில் கை கொடுத்துத் தூக்கினான். 'டப்' என்று ஒரு சத்தம். போர்டு ஒரு பக்கம் பறந்தது, அவன் முழங்கை பின்னாலிருந்த இரும்பு ரேக்கில் போய் மோதியது. கட்டைவிரலில் அரிசி அளவுக்கு இரண்டு கருகல். பத்து நிமிடம் வாயே திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இசிஜி எடுத்து, ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. தங்கச்சி முகத்தை இன்னும் நேராகப் பார்க்க முடியவில்லை.

பிளக் சுவரில் இல்லை, கரண்ட் எங்கிருந்து வந்தது? அந்தப் போர்டில் 82 மைக்ரோ ஃபாரட், 400 வோல்ட் கண்டன்சர் ஒன்று இருந்தது. 230 வோல்ட் ஏசி டயோடுகளைத் தாண்டி டிசி ஆகும்போது 325 வோல்ட்டை ஒட்டி நிற்கும், அதை அப்படியே பிடித்துவைத்துக்கொள்வது அந்தக் கண்டன்சர்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன், நாலே கால் ஜூலுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. ஒரு கிலோ கல்லை ஒரு முழ உயரத்திலிருந்து கட்டைவிரல் மேல் போட்ட மாதிரி, ஆனால் நரம்பு வழியாக. இதில் இன்னொன்று இருக்கிறது மாது, அது எனக்கு இத்தனை வருடத்தில் இப்போதுதான் உறைத்தது. நன்றாக ஓடுகிற செட்டில் சுவிட்சை அணைத்தால் செட்டே அந்தக் கரண்டைக் குடித்துத் தீர்த்துவிடும். ஐசி வேலை செய்யாமல் செத்துக் கிடக்கிற செட்டில் குடிக்க ஆளில்லை, கண்டன்சர் நிரம்பியே கிடக்கும். ரிப்பேருக்கு வருவதெல்லாம் செத்த செட்டுகள்தானே! நம் கைக்கு வருவதே ஆபத்தான வகை என்றால் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்?

நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? முதலாளி நல்ல மனுஷர், நமக்குச் சோறு போட்டவர், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கரண்ட் அடித்தால்தான் மெக்கானிக் என்று அவர் சொன்னதை நாம் வேதவாக்காக வைத்துக்கொண்டோம். கண்டன்சரை ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் அடித்துப் பொறி பறக்கவிடுவது நமக்கு வீரம். அதில் டிரைவர் முனை உருகும், போர்டில் பட்டை கிழியும், பொறி கண்ணில் பட்டால் கண் போகும். இப்போது கடையில் 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் கனமான வயர் சால்டர் அடித்து, ஸ்லீவ் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். அந்தச் சின்னக் கண்டன்சர் ஒரு நொடியில் காலி. ஆம்ப்ளிஃபையரில் இருக்கிற 10,000 மைக்ரோ ஃபாரட்டுக்கு இரண்டு நிமிடம் பிடிக்க வேண்டும். பிறகு மீட்டர் வைத்துப் பார்ப்பது, கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை பார்ப்பது, ஏனென்றால் பெரிய கண்டன்சரில் வோல்டேஜ் கொஞ்சம் திரும்பி ஏறும். டெஸ்டரை நம்பக்கூடாது. டிசி கண்டன்சரைப் பற்றி அது எதுவும் சொல்லாது, வெயிலில் மெயின் லைனுக்கே அது எரிவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

அப்புறம் சீரிஸ் பல்ப், அதுதான் மெயினுக்கும் செட்டுக்கும் நடுவே வரிசையில் மாட்டுகிற பல்ப். நீயும் ஒன்று செய்துவிட்டதாக எழுதியிருக்கிறாய், "இனி பயமில்லை" என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததும் எனக்கு பயம் வந்தது. 60 வாட் பல்ப் செட்டுக்குக் காவல், உனக்கு இல்லை. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் பளீரென்று எரிந்து டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்றும், சரி. ஆனால் அந்தப் பல்ப் தன் வழியே 260 மில்லி ஆம்பியர் வரை விடும். 1 மில்லி ஆம்பியரிலேயே சுரீர் என்று தெரியும், 10-ஐத் தாண்டினால் பிடித்த கையை விட முடியாது, 30-க்கு மேல் நெஞ்சு வழியாகப் போனால் இதயத்தின் ஓட்டமே குலைந்துபோகலாம். நீ நடுவில் மாட்டிக்கொண்டால் அந்தப் பல்ப் எரியக்கூடச் செய்யாது, உன் உடம்பின் தடைதான் அதைவிடப் பெரியது. பல்ப் எரியவில்லை, எல்லாம் சரி என்று பக்கத்து அறையில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

எர்த் இருக்கிறதே என்பாய். உன் வீடு பழையபேட்டைப் பக்கம், என் வீடு இங்கே, இரண்டுமே பாறை மேல். கடப்பாரை இரண்டடி இறங்கினால் டங்கென்று கேட்கும். கரியும் உப்பும் போட்டு எர்த் குழி தோண்டிய வருடம் நன்றாகத்தான் இருக்கும், அப்புறம் யார் அதற்குத் தண்ணீர் ஊற்றினார்கள்? சித்திரை வெயிலில் குழி காய்ந்து எர்த் தடை 50 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள். ஆம்ப்ளிஃபையர் பாடியில் பேஸ், அதாவது கரண்ட் வருகிற வயர், பட்டால் 230-ஐ 50-ஆல் வகு, 4.6 ஆம்பியர். உன் மெயின் போர்டில் இருப்பது 15 ஆம்பியர் பியூஸ், அது அசையாது. பாடி முழுக்கக் கரண்டோடு ஆம்ப்ளிஃபையர் சாதுவாக உட்கார்ந்திருக்கும், நாம் எர்த் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்போம். நம் மண்ணுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கண்டிப்பாக வேண்டும். அது கசிவைப் பார்த்துத் துண்டிக்கும், எர்த் மோசமாக இருந்தாலும் வேலை செய்யும். வீட்டில் இருந்தால் மாதம் ஒரு தரம் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார், இல்லையென்றால் இந்த வாரமே ஆளைக் கூப்பிட்டு மாட்டு. ஆனால் அதையும் முழுசாக நம்பி உட்காராதே. ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் அதற்கு நீயும் ஒரு பல்ப் மாதிரிதான், துண்டிக்காது. கண்டன்சர் அடிப்பதும் அதற்குத் தெரியாது.

எர்த் என்றதும் மைக் செட் ஞாபகம். மாரியம்மன் பண்டிகையில் ஸ்பீக்கரில் ஹம் என்று உறுமல் வருகிறது என்று ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் எர்த் வயரை நாம் வெட்டிவிட்டோமே, எத்தனை தடவை! ஹம் நின்றது, எல்லோரும் சபாஷ் என்றார்கள். மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்கிறது என்று கூத்துக்காரர் சொன்னபோது கர்ச்சீப் சுற்றிக் கொடுத்தோம். அவருக்குக் கீழே ஈரத் தரை, கையில் இரும்பு மைக், நெற்றியெல்லாம் வேர்வை. அன்று டிரான்ஸ்ஃபார்மர் உள்ளே எங்காவது பாடியோடு ஒட்டியிருந்தால்? 1972-ல் வேல்ஸில் ஸ்வான்சீ என்கிற ஊரில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார்காரர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார், 27 வயது. அதைப் படித்த நாளிலிருந்து அந்தக் கூத்துக்காரர் முகம் எனக்கு அடிக்கடி வந்துபோகிறது. ஹம் வந்தால் ஆம்ப்ளிஃபையரையும் மிக்சரையும் ஒரே போர்டில் சொருகிப் பார்த்திருக்கலாம், ஆடியோ வயரின் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் விட்டுப் பார்த்திருக்கலாம். எர்த்தை வெட்டியிருக்கவே கூடாது.

சரி, உன் ரேடியோவுக்கு வருகிறேன். படத்தில் வால்வு எண்கள் தெரிகின்றன: யூசிஹெச் 81, யூபிஎஃப் 89, யூசிஎல் 82, யூஒய் 85. எல்லாம் யூ-வில் தொடங்குகின்றன, பவர் டிரான்ஸ்ஃபார்மரும் கண்ணில் படவில்லை. இது டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மெயினிலேயே நேராக ஓடுகிற ஏசி-டிசி செட், நம் கடையில் முதலாளி தொடவிடாத ரகம். நாலு வால்வின் ஹீட்டரும் வரிசையாக, 19, 19, 50, 38, மொத்தம் 126 வோல்ட். மீதி 104 வோல்ட் பின்னால் சுடுகிற அந்த டிராப்பர் ரெசிஸ்டரில் விழுகிறது. மெயினின் ஒரு வயர் நேராக சேசிஸில், அதாவது எல்லாவற்றையும் தாங்குகிற உலோகச் சட்டத்தில். நீ மாட்டியிருப்பதோ இரண்டு முள் பிளக், எப்படித் திருப்பிச் சொருகினாலும் போகும். ஒரு பக்கம் சொருகினால் சேசிஸ் நியூட்ரல், மறுபக்கம் சொருகினால் சேசிஸ் 230 வோல்ட். சேசிஸ் என்றால் அந்த மொட்டைத் தண்டும் சேர்த்துத்தான்.

நீ டெஸ்டர் வைத்துப் பார்த்து நியூட்ரல் பக்கமாகச் சொருகிவிட்டேன் என்பாய். இந்த மாதிரி செட்டுகள் சிலவற்றில் ஆன்-ஆஃப் சுவிட்ச் சேசிஸ் போகிற வயரில் இருக்கும். செட்டு பாடும்போது சேசிஸ் சாது. அணைத்ததும் நியூட்ரல் அறுந்துவிடும், பேஸ் மறுமுனையிலிருந்து ஹீட்டர்கள் வழியாக சேசிஸுக்கு வந்து நிற்கும். பாட்டு நின்றுவிட்டது, விளக்கு அணைந்துவிட்டது, இனித் தொடலாம் என்று குழந்தை கை வைக்கிற நேரத்தில்தான் அது அடிக்கும்.

இன்னொன்று, நீ கடைசியில் போகிற போக்கில் எழுதியது: மீடியம் வேவில் இப்போது ஒன்றும் கிடைக்கவில்லை, தருமபுரி பண்பலை இந்த செட்டில் வராது, அதனால் பின்னால் இருக்கிற கிராமபோன் சாக்கெட்டில் வயர் போட்டு போனை மாட்டிப் பாட்டு கேட்கப்போகிறேன் என்று. வேண்டாம் மாது. அந்த சாக்கெட்டின் ஒரு முனை பெரும்பாலும் சேசிஸோடு சேர்ந்தது. இடையில் கண்டன்சர் வைத்திருந்தாலும் அதன் வயது உன் கல்யாணத்தைவிட அதிகம், எப்போதோ கசிய ஆரம்பித்திருக்கும். உன் போன் மெயினோடு கட்டினது மாதிரி, அதை எடுத்து நீ காதில் வைப்பாய். மொட்டைமாடியில் கட்டப்போவதாகச் சொன்ன ஏரியல் கம்பிக்கும் இதே கதைதான், அங்கே துணி காயப்போட யார் போவார்கள் என்று யோசி. பாட்டுதான் வேண்டுமென்றால் பேட்டரியில் ஓடுகிற சின்ன ப்ளூடூத் போர்டை கேபினட்டுக்கு உள்ளேயே வைத்துத் தருகிறேன், ஒரு வயரும் வெளியே வராது.

வருகிற ஞாயிறு நான் வருகிறேன். காரிமங்கலம் வந்து பஸ் மாறி பத்து மணிக்குள் உன் வீட்டில் இருப்பேன். செட்டை மெயினிலிருந்து பிரித்துவைக்கிற ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று சுற்றி வைத்திருக்கிறேன், 230-க்கு 230, தூக்க முடியாத கனம், பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியோடு வந்துவிடு. அதில் போட்டுத்தான் அந்த செட்டைத் திறக்கவேண்டும். அப்போதும் இரண்டு முனையைச் சேர்த்துத் தொட்டால் அடிக்கும், அங்கே ஆர்சிசிபியும் உதவாது, ஆகவே ஒரு கை எப்போதும் முதுகுக்குப் பின்னால். உன் செம்புக் காப்பையும் மோதிரத்தையும் கழற்றிவை, வெள்ளி அரைஞாணைச் சட்டைக்குள் செருகு. ரப்பர் செருப்புப் போடு. அந்த இரும்புக் கட்டிலில் வைத்து வேலை செய்வதை நிறுத்தி, மர மேசை ஒன்று தேடிவை.

அதுவரை பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி, செட்டை அலமாரி மேல் ஏற்றிவை. பார்த்தே ஆகவேண்டும் என்று கை துறுதுறுத்தால், பிளக் சுவரில் இல்லாதபோது, செட்டின் சுவிட்சை ஆன் பண்ணி, மீட்டரை ஓமில் வைத்து, பிளக்கின் ஒவ்வொரு முள்ளுக்கும் சேசிஸுக்கும் நடுவே பார். ஏதாவது ஒன்றில் பூஜ்யம் காட்டினால் நான் சொன்னது சரி. மீட்டர் வயர் 10 ஆம்பியர் துளையில் இல்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொள்.

உன் வீட்டுக்காரம்மாவிடம் இதைப் படித்துக்காட்டு. யாருக்காவது அடித்துப் பிடித்துக்கொண்டால் ஆளைத் தொடாமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும், முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ள வேண்டும். உடனே 108. மூச்சு இல்லையென்றால் நெஞ்சு நடுவில் இரண்டு கையும் வைத்து, நிமிடத்துக்கு நூறுக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், வண்டி வரும்வரை. மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியுமா? இன்றைக்கே காட்டிவிடு.

பேத்திக்கு மாங்காய் கொண்டுவருகிறேன். உப்புமா ஆம்ப்ளிஃபையர் கதையை அவளுக்கு நீ இன்னும் சொல்லவில்லை என்றால் சொல்லாதே, நான் வந்து சொல்கிறேன். கடிதம் கிடைத்ததும் அலமாரி மேல் ஏற்றிய ரேடியோவை ஒரு படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவேன்.

அன்புடன்,
முனியப்பன்

பின்குறிப்பு: அந்தத் திருகு குமிழுக்கு என்னிடம் ஜோடி இருக்கிறது, பிளாஸ்டிக்தான், கறுப்பு. பக்கவாட்டு ஸ்க்ரூ துளையில் மெழுகு ஊற்றி மூட வேண்டும், அந்த ஸ்க்ரூவும் சேசிஸோடு சேர்ந்ததுதான். மெழுகுவத்தி ஒன்று வாங்கிவை.