டெப் ஃபைல் பாதியில் நின்றால்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. மகளுக்குப் பாலிடெக்னிக்கில் கணினிப் பிரிவே கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்காக உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 20.04 பதிப்பை எடுத்துவிட்டு 24.04-ஐப் புதிதாகப் போட்டதும் நல்ல காரியம். 20.04-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 மே மாதத்தோடு நின்றுவிட்டது.

பழையதில் ஓடிய மூன்று புரோகிராம்கள் இப்போது ஓட மறுக்கின்றன என்று எழுதியிருந்தாய். பிழைச் செய்திகளைச் சுருக்காமல் அப்படியே எழுதி அனுப்பினாயே, பாதி வேலையை அதுவே முடித்துவிட்டது. பார்க்க மூன்றும் "ஏதோ ஒன்று இல்லை" என்றுதான் சொல்கின்றன. ஆனால் இல்லாத பொருள் ஒவ்வொன்றிலும் வேறு. இணையத்தில் கிடைக்கும் ஒரே கட்டளையை மூன்றுக்கும் அடித்துப் பார்க்காதே. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் அடி. 'சூடோ' என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள்.

முதலில் கணினியை நிதானத்துக்குக் கொண்டுவர வேண்டும். முதலாவது அந்த வீடியோ மீட்டிங் புரோகிராம். அதன் டெப் ஃபைலை, அதாவது ஏற்றுவதற்குத் தயாராகக் கட்டிய பேக்கேஜை, நீ டிபிகேஜி என்ற கருவி கொண்டு ஏற்றியிருக்கிறாய். டிபிகேஜி இணையத்திலிருந்து எதையும் இறக்காது. கொடுத்த ஃபைலைப் பிரித்து அந்தந்த இடத்தில் வைக்கும். அதற்கு வேண்டிய வேறு பேக்கேஜ் இல்லையென்றால் செட்டப் செய்யாமல் நடுவில் விட்டுவிடும். 'டிபிகேஜி -எல்' (சின்ன எல்) பட்டியலைப் பார். ஒவ்வொரு வரியும் இரண்டு எழுத்தில் தொடங்கும். ஒழுங்காக ஏறிய பேக்கேஜுக்கு இரண்டுமே சின்ன ஐ. உன்னுடையதில் சின்ன ஐ-க்குப் பக்கத்தில் பெரிய யூ நிற்கும்: பிரித்தாயிற்று, செட்டப் ஆகவில்லை. அப்படி ஒரு பேக்கேஜ் தொங்கிக்கொண்டிருக்கும் வரை, சம்பந்தமே இல்லாத வேறொன்றை ஏற்றப் போனாலும் 'அன்மெட் டிபென்டன்சிஸ்' (வேண்டிய மற்ற பேக்கேஜ்கள் இல்லை) என்றுதான் ஆப்ட், அதாவது பேக்கேஜ்களை இணையத்திலிருந்து இறக்கி ஏற்றும் கருவி, சொல்லும். இதற்கு:

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

இரண்டாவது கட்டளை உடனே எதையும் செய்யாது. என்ன செய்யப்போகிறேன் என்று பட்டியல் போட்டுவிட்டு ஒய்யா என்னா என்று கேட்கும். பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். வேண்டிய பேக்கேஜ் களஞ்சியத்தில் (உபுண்டு இணையத்தில் வைத்திருக்கும் பேக்கேஜ் தொகுப்பில்) இருந்தால் அதை இறக்கி, தொங்கியதைச் செட்டப் செய்துவிடும். களஞ்சியத்தில் இல்லையென்றால், ஆப்டுக்குத் தெரிந்த ஒரே சமாதானம் தொங்குவதை நீக்குவது. 'வில் பி ரிமூவ்ட்' என்ற தலைப்புக்குக் கீழே அந்த ஒரு பெயர் மட்டும் இருந்தால் ஒய் கொடு, தப்பில்லை. அதில் 'உபுண்டு-டெஸ்க்டாப்', 'க்னோம்-ஷெல்' மாதிரிப் பெயர்கள் தென்பட்டால் என் கொடுத்து வெளியே வா. ஒய் கொடுத்தால் அடுத்த முறை கறுப்புத் திரையில்தான் எழும். பயமாக இருந்தால் கட்டளையோடு '-எஸ்' சேர்த்து ஒத்திகை பார்க்கலாம், எதுவும் மாறாது.

இனிமேல் டெப் ஃபைலை ஏற்ற டிபிகேஜி வேண்டாம். ஃபைல் இருக்கும் ஃபோல்டருக்குள் போய் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ./பெயர்.டெப்' என்று அடி. அந்தப் புள்ளியும் சாய்கோடும் முக்கியம். அவை இல்லாவிட்டால் ஆப்ட் அந்தப் பெயரைக் களஞ்சியத்தில் தேடிவிட்டு, அப்படி ஒன்று இல்லை என்று சொல்லும். இந்த வழியில் ஏற்றினால் சார்புகளை (அதற்கு வேண்டிய மற்ற பேக்கேஜ்களை) முன்கூட்டியே கணக்கிட்டு, முடியாததை முடியாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடும். பாதியில் எதுவும் தொங்காது.

அந்த மீட்டிங் புரோகிராம் கேட்பது 'லிப்அசவுண்ட்2' என்ற ஒலி லைப்ரரி (பல புரோகிராம்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்பு). 24.04-இல் அந்தப் பெயரில் உண்மையான பேக்கேஜ் இல்லை. ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் இதே விஷயம் இன்னும் பல பெயர்களில் உன்னிடம் வரும். பழைய 32 பிட் அமைப்புகளில் நேரத்தை 32 பிட்டில் எண்ணுவதால் 2038 ஜனவரி 19-க்கு மேல் கணக்கு உடைந்துவிடும். அதைச் சரிசெய்ய டெபியனும் (உபுண்டுவுக்கு அடிப்படையான லினக்ஸ்) உபுண்டுவும் நேர எண்ணை 64 பிட்டுக்கு மாற்றின. மாற்றம் தொட்ட லைப்ரரிகளின் பேக்கேஜ் பெயரோடு 'டி64' என்று சேர்த்தார்கள். உன்னுடைய 64 பிட் கணினியில் லைப்ரரியின் உள்ளே எதுவும் மாறவில்லை, ஆனால் எல்லாக் கணினிக்கும் ஒரே பெயர் வேண்டும் என்று இங்கேயும் பெயர் மாறிவிட்டது. உள்ளே இருக்கும் ஃபைல் அதே 'லிப்அசவுண்ட்.எஸ்ஓ.2'தான். ஆகவே உன் புரோகிராம் எந்தத் தகராறும் இல்லாமல் ஓடும். 'லிப்எஸ்எஸ்எல்3டி64' முதலியவை பழைய பெயருக்கும் தாமே பொறுப்பேற்றுக்கொள்கின்றன, பெரும்பாலும் நீ கவனிக்கவே மாட்டாய்.

சவுண்டு விஷயத்தில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. பழைய பெயருக்கு இரண்டு பேக்கேஜ்கள் உரிமை கோருகின்றன: ஒன்று 'லிப்அசவுண்ட்2டி64', மற்றொன்று 'லிப்ஓஎஸ்எஸ்4-சல்சா-அசவுண்ட்2'. இரண்டாவது வேறொரு ஒலி அமைப்புக்கானது, உனக்கு வேண்டாம். தேர்வை ஆப்டிடம் விடாமல் முதலில் நீயே 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்அசவுண்ட்2டி64' என்று போட்டுவிட்டு, அப்புறம் டெப் ஃபைலை ஏற்று.

'அன்ஏபிள் டு லொகேட் பேக்கேஜ்' என்று வந்தால் பெயர் தவறா, களஞ்சியம் அணைந்திருக்கிறதா என்று பார். உபுண்டுவில் ஏராளமான பேக்கேஜ்கள் 'யூனிவர்ஸ்' பிரிவில்தான் இருக்கின்றன. 24.04-இல் இந்தப் பட்டியல் பழைய சோர்சஸ்.லிஸ்ட் ஃபைலில் இல்லை, சோர்சஸ்.லிஸ்ட்.டி ஃபோல்டருக்குள் 'உபுண்டு.சோர்சஸ்' என்ற ஃபைலில் இருக்கிறது. அதில் 'காம்போனென்ட்ஸ்' வரியைப் பார்.

இரண்டாவது புரோகிராம், அந்தக் கணக்கு மென்பொருள். அது ஏறிவிட்டது, திறக்கும்போதுதான் 'லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1'-ஐத் திறக்க முடியவில்லை என்கிறது. இங்கே ஆப்டுக்கு எந்தக் குறையும் தெரியாது, ஏனென்றால் நீ அதை ஆப்ட் வழியாக அல்லாமல் டார் என்ற கட்டுத் தொகுப்பு ஃபைலிலிருந்து பிரித்துப் போட்டிருக்கிறாய். இந்த மாதிரி நேரத்தில் 'எல்டிடி' என்ற கட்டளைக்குப் பின்னால் புரோகிராமின் முழுப் பாதையைக் கொடு. அது கேட்கும் லைப்ரரிகள் வரிசையாக வரும். கிடைக்காததன் எதிரே 'நாட் ஃபவுண்ட்' என்றிருக்கும். பிழைச் செய்தி முதல் லைப்ரரியை மட்டும் சொல்லும், எல்டிடி எல்லாவற்றையும் காட்டும். நம்பகமில்லாத இடத்திலிருந்து வந்த ஃபைல் மீது மட்டும் எல்டிடியை ஓட்டாதே, அந்த ஃபைலில் உள்ள கோடே ஓடிவிட வாய்ப்பு உண்டு. அதற்கு 'ஆப்ஜ்டம்ப் -பி' போதும், வெறுமனே படித்துச் சொல்லும்.

லைப்ரரி ஃபைலின் பெயர் தெரிந்து பேக்கேஜின் பெயர் தெரியாவிட்டால் 'ஆப்ட்-ஃபைல்' என்ற கருவியை ஏற்றி, ஒருமுறை 'சூடோ ஆப்ட்-ஃபைல் அப்டேட்' கொடுத்துவிட்டு, 'ஆப்ட்-ஃபைல் சர்ச்' என்று தேடு. எந்தப் பேக்கேஜுக்குள் அந்த ஃபைல் இருக்கிறது என்று சொல்லிவிடும். உன் லைப்ரரிக்கு எதுவும் வராது. அது ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கத் தொகுப்பைச் சேர்ந்தது. 22.04 முதலே உபுண்டு ஓபன்எஸ்எஸ்எல் 3-க்குப் போய்விட்டது, 1.1 களஞ்சியத்தில் இல்லை.

இங்கே இணையத்தில் ஒரு யோசனை கிடைக்கும்: இருக்கிற 'லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3'-க்கு 1.1 என்ற பெயரில் ஒரு லிங்க் போட்டுவிடு என்று. தயவுசெய்து செய்யாதே. அந்த லைப்ரரியின் ஒவ்வொரு ஃபங்ஷன் மீதும் பதிப்பு முத்திரை இருக்கிறது. புரோகிராம் 'ஓபன்எஸ்எஸ்எல்_1_1_0' முத்திரையைத் தேடும், கிடைத்த ஃபைலில் 3.0 முத்திரைதான் இருக்கும். உடனே வேறொரு பிழையோடு நின்றுவிடும். இப்படி முத்திரை இல்லாத லைப்ரரிகளில் லிங்க் போட்டால் நிலைமை இதைவிட மோசம். புரோகிராம் திறந்துவிடும், வேலை நடுவில் தாறுமாறாகும். கணக்கு மென்பொருளில் அது நடக்கவே கூடாது.

சரியான வழி, தயாரிப்பாளரிடம் ஓபன்எஸ்எஸ்எல் 3-க்கான புதிய பதிப்பைக் கேட்பது. இல்லையென்றால் பழைய புரோகிராமுக்குப் பழைய வீட்டையே கொடு. அதற்கான பாட்மேன், டிஸ்ட்ரோபாக்ஸ் என்ற கருவிகள் களஞ்சியத்திலேயே உண்டு. 'டிஸ்ட்ரோபாக்ஸ் கிரியேட் --இமேஜ் உபுண்டு:20.04 --நேம் பழசு' என்று ஒரு கன்டெய்னர் (உன் கணினிக்குள்ளேயே தனியாக ஓடும் பழைய உபுண்டு) உருவாக்கி, 'டிஸ்ட்ரோபாக்ஸ் என்டர் பழசு' என்று உள்ளே போய், அங்கே 'லிப்எஸ்எஸ்எல்1.1' ஏற்றி ஓட்டு. உன் ஹோம் ஃபோல்டர் உள்ளேயும் தெரியும், கணக்கு ஃபைல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். 20.04-இன் அந்த ஒற்றை டெப் ஃபைலை இறக்கி 24.04-இல் நேராக ஏற்றினாலும் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கு அதை உருவாக்குகிறவர்கள் தந்துவந்த பொது ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்தது. இனி அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் உன் கணினியில் அது அடைபடாது. எனக்கு அதில் சம்மதமில்லை.

'ஜிலிப்சி_2.38 நாட் ஃபவுண்ட்' என்பது போல ஒன்று வந்தால் அது இதற்கு நேர் எதிர்: புரோகிராம் புதுசு, கணினி பழசு. ஜிலிப்சி கணினியின் அடிப்படை லைப்ரரி. அதை மட்டும் தனியாக மாற்ற முயலாதே. கணினியில் அநேகமாக எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது. அது உடைந்தால் ஃபைல் பட்டியல் காட்டும் 'எல்எஸ்' கூட ஓடாது.

மூன்றாவது, பிரிண்டர் டிரைவர். ஃபைல் கண்முன்னே இருக்கிறது, ஓட்டினால் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்கிறது. குழப்பமான செய்திதான். இல்லாதது அந்த ஃபைல் அல்ல, அதைத் தூக்கி ஓட்டவேண்டிய லோடர். 'ஃபைல்' என்ற கட்டளையை அதன் மேல் கொடுத்துப் பார். 'ஈஎல்எஃப் 32-பிட்' என்று வரும். பழைய டிரைவர்கள் பலவும் இப்படித்தான். செய்யவேண்டியது (ஐ386 என்பது 32 பிட்டின் பெயர், லிப்சி6 என்பது ஜிலிப்சியின் பேக்கேஜ்):

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் அப்கிரேட்
சூடோ டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386
சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்சி6:ஐ386 லிப்எஸ்டிடிசி++6:ஐ386

முதலில் அப்கிரேட் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 64 பிட் லிப்சி6-உம் 32 பிட் லிப்சி6-உம் இம்மி பிசகாமல் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். ஒன்று பின்தங்கியிருந்தால் ஆப்ட் மறுத்துவிடும், அல்லது எதையெதையோ நீக்கப் பார்க்கும். ஆர்க்கிடெக்சரைச் சேர்த்தபின் மறுபடி அப்டேட் கொடுக்காவிட்டால் ஐ386 பட்டியலே கணினியில் இருக்காது. இதற்குப் பிறகும் அச்சு வராமல் 'ஃபில்டர் ஃபெயில்ட்' என்றால் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸின் எரர் லாகை (பிழைப் பதிவை) பார், அடுத்து எந்த லைப்ரரி இல்லை என்று அதில் எழுதியிருக்கும்.

உன் மகளுக்கு ஒன்று சொல். பைத்தானில் லைப்ரரி ஏற்ற 'பிப் இன்ஸ்டால்' கொடுத்தால் 24.04 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்' என்று தடுக்கும். '--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' போட்டால் தடை போய்விடும் என்று வகுப்பில் யாராவது சொல்லுவார்கள். உபுண்டுவின் கருவிகள் பலவும் அதே பைத்தானில்தான் ஓடுகின்றன, அதன் லைப்ரரிகளை பிப் மாற்றினால் அவை கெடும். 'பைத்தான்3-வென்வி' பேக்கேஜை ஏற்றி, ஒவ்வொரு பயிற்சிக்கும் 'பைத்தான்3 -எம் வென்வி படிப்பு' என்று தனி ஃபோல்டர் உருவாக்கி, 'சோர்ஸ் படிப்பு/பின்/ஆக்டிவேட்' கொடுத்துவிட்டு, அதற்குள் பிப் ஓட்டட்டும். கெட்டுப்போனால் அந்த ஃபோல்டரை அழித்தால் போதும்.

டிபிகேஜி லாக் (பூட்டு) பிடித்திருக்கிறது என்று வந்தால் லாக் ஃபைலை அழிக்காதே. பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும், சற்றுப் பொறுத்தால் விடும். மின்சாரம் போய் நடுவில் நின்றிருந்தால் 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ'.

இவ்வளவுக்கும் பிறகு ஏதாவது முரண்டு பிடித்தால், வார்/லாக்/ஆப்ட் ஃபோல்டரில் உள்ள 'ஹிஸ்டரி.லாக்' ஃபைலின் கடைசிப் பகுதியையும், 'ஆப்ட்-கேச் பாலிசி'க்குப் பின்னால் அந்தப் பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால் வருவதையும், 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' சொல்வதையும் எடுத்து அனுப்பு. என்னென்ன ஏறியது, எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது, எது பிடித்து நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் அந்த மூன்றிலேயே தெரிந்துவிடும். பிரிண்டரின் மாடல் எண்ணையும் சேர்த்து எழுது. 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். இருந்தால் ஐ386 வேலையே வேண்டியதில்லை.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி