ஏற்காட்டின் தென்வானம் இருளாகவே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டின் காட்சிமுனைகளிலும் மலைச்சாலையிலும் இன்னும் கூடுதலாக விளக்குகள் வேண்டும் என்று கோரும் வாசகர் கடிதங்களை அவ்வப்போது படித்து வருகிறேன். கொண்டை ஊசி வளைவுகளில் இரவில் வண்டி ஓட்டுபவர்களின் பாதுகாப்பை எண்ணி எழுதப்படும் அந்தக் கோரிக்கைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விளக்குகள் எந்த வகையில் அமைய வேண்டும் என்பதைப் பற்றி எவரும் எழுதக் காணாததால், சிறுவயது முதல் நிலவையும் விண்மீன்களையும் பார்த்தே வளர்ந்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

சேலமும் ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11.7 பாகையில் (டிகிரியில்) உள்ளன. ஆகவே வடக்கே துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குச் சற்று மேலே தாழ்வாகத் தெரிகிறது. தெற்கிலோ, டெல்லியில் இருப்பவர்கள் ஒருநாளும் முழுமையாகக் காண முடியாத தென்சிலுவை விண்மீன் கூட்டம் 15 முதல் 21 பாகை உயரத்தில் நிமிர்ந்து நிற்கிறது. மே மாதத்தின் பிற்பகுதியில் இரவு 9 மணி அளவில் தெற்கு நோக்கி நின்றால் அதைக் காணலாம். அதற்கு இடப்புறம் உள்ள இரண்டு ஒளிமிகுந்த விண்மீன்களில் ஒன்றான ஆல்ஃபா சென்டாரி, சூரியனுக்கு மிக அருகில், அதாவது 4 ஒளியாண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் உள்ள விண்மீன் தொகுதியாகும். அவற்றுக்கு மேலே, நல்ல இருளில் மட்டும், ஒரு சிறு புகைத்திட்டாகக் கண்ணுக்குப் புலப்படும் ஒமேகா சென்டாரி உண்மையில் பல இலட்சக்கணக்கான விண்மீன்கள் நெருங்கித் திரண்ட கொத்து. வானத்து விண்மீன்களில் ஒளியில் இரண்டாம் இடம் பெறும் அகத்தியர் மீனும் பிப்ரவரி மாத முன்னிரவுகளில் இதே தென்வானத்தில்தான் உயர்ந்து நிற்கிறது.

இந்தச் செல்வம் அனைத்தும் தெற்கே இருக்கிறது. சேலம் மாநகரமும் ஏற்காட்டுக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. லேடீஸ் சீட் என்னும் காட்சிமுனையில் நின்று நகரத்தின் விளக்குகளைக் கண்டு மகிழாதவர்கள் இருக்க முடியாது, நானும் மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் அந்த ஒளியில் கணிசமான பகுதி தரையில் விழாமல் மேல்நோக்கிச் சென்று, காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி, தென்சிலுவை நிற்கும் அதே உயரத்தில் வெளிறிய திரையாகப் படர்ந்துவிடுகிறது. நகரத்தின் ஒளியாவது தொலைவில் இருக்கிறது. மலைமேலேயே கட்டடச் சுவர்களையும் மரங்களையும் நோக்கித் திருப்பி வைக்கப்படும் ஃபோகஸ் லைட்டுகள் எஞ்சியிருக்கும் இருளையும் அழித்துவிடுகின்றன.

இந்த அட்சரேகையின் அருமையை நன்கு அறிந்திருந்தவர் வானியலாளர் வைணு பாப்பு. வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் பார்க்க இயலும் என்பது அவர் வான் ஆய்வகம் அமைக்க ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது அந்த விண்மீனின் ஒளி இடையிடையே மங்கியதிலிருந்துதான் அக்கோளுக்கு வளையங்கள் இருப்பது உலகுக்குத் தெரியவந்தது. அந்த நிகழ்வைப் பதிவுசெய்த இடங்களுள் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியும் ஒன்று. 1986-இல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி அமைந்தது. காவலூர் 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், தாழ்நிலத்துப் புழுதியின் பெரும்பகுதிக்கு மேலே உள்ளது. நம் மலையிலும் ஓர் ஆய்வகம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அறிவியலாளர்கள் தேடிச் சென்ற அதே தென்வானம் நமக்குப் பேருந்துக் கட்டணத்தில் கிடைக்கிறது என்பதைத்தான் நினைவூட்ட விரும்புகிறேன்.

இருள் என்பது நமக்குத் துன்பத்தோடு சேர்ந்தே நினைவில் இருப்பதும் உண்மை. 2012-ஆம் ஆண்டை ஒட்டிய மின்வெட்டு நாட்களில் விசைத்தறிகள் நின்று போனதையும், புழுக்கத்தில் குழந்தைகள் தூங்காமல் அழுததையும் சேலத்துக்காரர் எவரும் மறக்கமாட்டார். எங்கள் தெருவும் அந்த அவதியைப் பட்டது. ஆயினும் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்த அந்த இரவுகளில், நகரத்தின் நடுவிலேயே விருச்சிகத்தின் கொடுக்கு முழுவதும் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள், அதுவரை அண்ணாந்து பார்க்காதவர்கள், அதன் பெயரைக் கேட்டார்கள். மின்சாரம் இல்லாமற்போனால்தான் வானம் தெரியும் என்ற நிலை இருக்க வேண்டியதில்லை என்பது அன்று முதல் என் எண்ணம்.

நிலவைப் பற்றிய என் ஈடுபாடு அம்மாயியிடமிருந்து வந்தது. மூன்றாம் பிறையன்று அவர் எங்களை வாசலில் நிறுத்தி மேற்கே காட்டி, பிறையின் எந்தக் கோடு, அதாவது எந்தக் கொம்பு முனை, உயர்ந்திருக்கிறது என்று கேட்பார். அதைக் கொண்டு அவ்வாண்டின் மழையையும் விளைச்சலையும் கணிக்கும் வழக்கம் உழவர் வீடுகளில் இருந்தது. கோடு உயர்வதற்கும் தாழ்வதற்கும் காரணம், நிலவு செல்லும் பாதை அந்தியில் அடிவானத்தோடு கொள்ளும் கோணம் மாதத்துக்கு மாதம் மாறுவதே என்று பின்னாளில் படித்தேன். அந்தப் பாதை நமக்குப் பெரும்பாலும் செங்குத்தாக அமைவதால்தான் நம் ஊர்ப் பிறை தோணியைப் போல மல்லாந்து கிடக்கிறது. அதன் இருண்ட பகுதி மங்கலாகப் புலப்படுவது, பூமியின் மேல் விழுந்த சூரிய ஒளி இங்கிருந்து திரும்பிச் சென்று அங்கே படுவதால். படித்ததனால் எனக்குப் பிறையின் அழகு குறையவில்லை; கூடியிருக்கிறது.

நிலவைப் பார்க்கப் பௌர்ணமியே சிறந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். வெறுங்கண்ணுக்கு அது சரி, தொலைநோக்கிக்குச் சரியன்று. பௌர்ணமியன்று சூரிய ஒளி நம் பார்வையின் திசையிலேயே நிலவில் விழுவதால் நிழல்கள் தெரிவதில்லை. மலையும் பள்ளமும் தட்டையாகிவிடுகின்றன, பாதி நிலவைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியும் கண்ணைக் கூசச் செய்கிறது. நற்காரியங்களுக்கு நாம் தவிர்க்கும் வளர்பிறை அஷ்டமியே இதற்கு நல்ல நாள். அன்று ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லையில் பள்ளங்களின் விளிம்புகள் நீண்ட நிழல் வீழ்த்துகின்றன; ஒரு சிறிய தொலைநோக்கியிலேயே அவற்றைக் காணும் குழந்தைகள் கண்ணை எடுக்க மறுப்பதை நான் கண்டிருக்கிறேன்.

அந்த நிலவோடு நம் பகுதிக்கு ஓர் உறவும் உண்டு. 1997 வரை சேலம் மாவட்டத்தில் இருந்து, இப்போது நாமக்கல் மாவட்டத்தில் உள்ள சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களில் அனார்த்தோசைட் என்னும் பாறை கிடைக்கிறது. நிலவில் வெண்மையாகத் தெரியும் மேட்டுநிலங்கள் பெரும்பாலும் இதே வகைப் பாறையால் ஆனவை: நிலவு உருகிய நிலையில் இருந்தபோது எடை குறைந்த கனிமங்கள் மேலே மிதந்து இறுகியதால் அவை உண்டாயின. இஸ்ரோ, சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்களின் துணையோடு இந்தப் பாறையைத் தேர்ந்து, பொடித்து, செயற்கை நிலவு மண்ணாக்கி, சந்திரயான் திட்டத்தின் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் அதன்மேல் சோதித்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்பகுதியில் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டிய நம் பிள்ளைகளுக்கு, நம் ஊர்க் கல்லுக்கும் அதில் பங்குண்டு என்பதை யாரேனும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போது நிலவையே நேரில் காட்டவும் வேண்டும்.

விளக்குகளைக் குறைக்காமலேயே இருளைக் காக்க இயலும். ஒளி பக்கவாட்டிலும் மேலேயும் சிதறாமல் கீழே மட்டும் விழும்படி மேல்மூடி பொருத்தினால், குறைந்த மின்சாரத்திலேயே சாலை நன்கு தெரியும். எதிரே வருபவர் கண்ணும் கூசாது. நீலம் கலந்த வெள்ளை எல்.இ.டி. ஒளி காற்றில் மிகுதியாகச் சிதறும் இயல்புடையது. பகல் வானம் நீலமாக இருப்பதற்கும் இதுவே காரணம். அதற்கு மாறாக, ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவில் 3000 அல்லது அதற்கும் குறைந்த மஞ்சள் சார்ந்த விளக்குகள் மலைக்கு ஏற்றவை. துணை தேட ஒளிவிடும் மின்மினிகளும், விளக்கைச் சுற்றியே இறந்துபோகும் விட்டில்களும் இதனால் பிழைக்கும். அலங்கார விளக்குகளை இரவு 10 மணிக்கு மேல் அணைப்பதில் யாருக்கும் இழப்பில்லை. லடாக்கின் ஹான்லே 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டபின், அவ்வூர் மக்கள் தம் வீட்டு விளக்குகளை மறைத்து வானத்தைக் காப்பதோடு, வரும் பயணிகளுக்கு அதைக் காட்டி வருவாயும் ஈட்டுகிறார்கள்.

மே மாதத்தில் நடைபெறும் ஏற்காடு கோடை விழா, தென்சிலுவை உச்சத்தில் நிற்கும் காலத்திலேயே வருவது நமக்கு வாய்த்த நற்பேறு. அண்ணா பூங்காவின் மலர்க் கண்காட்சியோடு, ஓர் இரவு மட்டும் லேடீஸ் சீட் அருகே விளக்குகளை அணைத்துத் தென்வானத்தைக் காட்டவும், ஆண்டு முழுவதும் மாதம் ஒருமுறை வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிலவைக் காட்டவும் மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத் துறையும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இன்னொரு நாளையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். 2028 டிசம்பர் 31 அன்று முழு சந்திர கிரகணம் நிகழ்கிறது. இரவு 10 மணியை ஒட்டி ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நிலவு முழுமையாகப் பூமியின் நிழலுக்குள் இருக்கும்; பூமியின் காற்றுமண்டலம் வளைத்து அனுப்பும் செந்நிற ஒளியில் அது செம்பு நிறம் கொள்ளும்; இருள் இருக்கும் இடங்களில், முழுநிலவின் ஒளியால் மறைந்திருந்த விண்மீன்கள் அதைச் சுற்றி மீண்டும் தோன்றும். ஆனால் அது புத்தாண்டுக்கு முந்தைய இரவு. ஏற்காட்டின் விடுதிகள் ஆண்டிலேயே மிகுதியான விளக்குகளை ஏற்றும் இரவு. கிரகணம் முழுமை அடைந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அலங்கார விளக்குகளை அணைத்து வைக்க விடுதி உரிமையாளர்கள் முன்கூட்டியே உடன்பட வேண்டும் என்றும், அதற்கான பேச்சைத் தங்கள் நாளிதழ் தொடங்கி வைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்.