படபடப்புக்கு மருந்து கேட்ட மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

இரவில் படுத்தவுடன் நெஞ்சு படபடக்கிறது, வயிறு ஒரு நாள் இறுகியும் மறுநாள் இளகியும் கிடக்கிறது, இரண்டுக்கும் சேர்த்து ஆயுர்வேதத்தில் ஒரு மருந்து சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். பெயரை மட்டும் எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

முதலில் இசிஜி எடுத்துவிடு. ரத்தசோகை இருக்கிறதா, தைராய்டு சுரப்பு கூடியிருக்கிறதா என்பதையும் ரத்தப் பரிசோதனையில் பார்க்கச் சொல். தைராய்டு கூடினால் நெஞ்சும் படபடக்கும், வயிறும் இளகும். படபடப்பு வரும்போது மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணி, துடிப்பு சீராக இருந்ததா, இடையிடையே தவறியதா என்பதையும், கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்பதையும் குறித்து வை. மருத்துவருக்கும் வைத்தியருக்கும் அந்தக் குறிப்பு உதவும். மயக்கமோ, மார்பு வலியோ, மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால், வாயுத் தொல்லைதான் என்று பொறுத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும்.

சோதனைகளில் கோளாறு ஏதும் இல்லையென்றால் வயிற்றைக் கவனிக்கலாம். ஆயுர்வேதம் உடலின் வாயுவை ஐந்தாகப் பிரிக்கிறது. இதயத்தில் இருந்துகொண்டு உடலெங்கும் ஓட்டத்தை நடத்துவது வியானன். செரிமானத் தீயை அருகிலிருந்து வளர்ப்பது சமானன். கழிவைக் கீழே தள்ளுவது அபானன். கண்ட நேரத்தில் உண்டு, தூக்கத்தைக் கெடுத்து, மலத்தையும் அடக்கினால் அபானன் வழி மறிக்கப்பட்டு மேல்நோக்கித் திரும்புகிறது. இதை உதாவர்த்தம் என்பார்கள். செரிமானம் ஒரு நாள் நன்றாகவும் மறுநாள் மந்தமாகவும் நடப்பதற்கு விஷமாக்னி என்று பெயர்; நீ எழுதியிருப்பதும் அதைப் போலத்தான் தெரிகிறது. அடக்கக்கூடாத வேகங்கள் (மலம், ஏப்பம் போன்ற இயற்கை உந்துதல்கள்) என்று 13ஐச் சொல்லும் ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை, ஏப்பத்தை அடக்கினால் விக்கல், மூச்சிரைப்பு, நடுக்கம் ஆகியவற்றோடு நெஞ்சை அடைப்பது போன்ற உணர்வும் வரும் என்கிறது. (அலுவலகக் கூட்டங்களில் நாகரிகம் கருதி ஏப்பத்தை விழுங்கும் உன்னைப் போன்றவர்களுக்கே எழுதியது போலிருக்கிறது.)

ஆகவே மருந்துக்கு முன்னால் உண்ணும் நேரத்தை ஒழுங்கு செய். வயிற்றில் பாதியைத் திட உணவுக்கும், கால் பங்கை நீருக்கும் கொடுத்து, எஞ்சிய கால் பங்கை வாயுவுக்கென்று காலியாக விடச் சொல்கிறது அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூல். இரவு உணவு படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடியட்டும். மாலைக்குப் பிறகு காபி வேண்டாம். பலருக்கு இவ்வளவே போதும் என்பது என் எண்ணம்.

இதற்கும் அடங்காவிட்டால் வயிற்று உப்புசத்துக்கு இங்குவாஷ்டக சூரணம் இருக்கிறது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, பெருங்காயம் ஆகிய எட்டும் சேர்ந்த இதை, நெய்யில் குழைத்து முதல் கவளத்தோடு உண்பது மரபு. நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கு இது ஒத்துக்கொள்ளாது. இதயத்துக்கென்று சொல்லப்படுவது மருதம்பட்டை. அதன் ஒரு பங்கோடு எட்டுப் பங்கு பாலும் முப்பத்திரண்டு பங்கு தண்ணீரும் சேர்த்து, தண்ணீர் முழுவதும் வற்றிப் பால் மட்டும் மிஞ்சும்வரை சிறு தீயில் காய்ச்சுவதைப் பால் கஷாயம் என்பார்கள். இதைத் துடிப்புக் கோளாறைத் தீர்க்கும் மருந்தாக நம்பிவிடாதே. வைத்தியர் உன் நாடியைப் பார்த்துக் கொடுத்தால் மட்டும் குடி.

மூலிகைதானே என்று எதையும் நீயாக வாங்கிச் சாப்பிடாதே. அதிமதுரம் தொடர்ந்து எடுத்தால் உடலில் பொட்டாசியம் குறைந்து, ரத்த அழுத்தம் ஏறி, இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். தூக்கத்துக்கென்று பலரும் விழுங்கும் அஸ்வகந்தா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும். அதனால்தான் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அதைத் தொடாதே என்கிறேன். பாதரசமும் கந்தகமும் சேரும் ரச மருந்துகள் இந்தத் தொல்லைக்குத் தேவையே இல்லை. ரத்த அழுத்தத்துக்கோ, ரத்தம் உறையாமல் இருப்பதற்கோ மாத்திரை எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டை வைத்தியரிடமும், வைத்தியர் தந்த மருந்துகளின் பெயர்களை மருத்துவரிடமும் மறைக்காமல் காட்டு.

இசிஜி தாளையும் பரிசோதனை முடிவுகளையும் படமெடுத்து அனுப்பு. அவற்றைப் பார்த்த பிறகு வைத்தியரிடம் நாம் இருவருமாகப் பேசுவோம்.

அன்புடன்,
அப்பா