ஏற்காடு பயணம்: காற்றுத் தடுப்பு ஜாக்கெட்

அனைவருக்கும் வணக்கம். தை மாத ஏற்காடு சைக்கிள் பயணத்துக்கு எந்த ஜாக்கெட் வாங்குவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். நம் புதுச்சேரி மார்கழிக் காலைக்கு ஒரு முழுக்கை ஜெர்சி போதும். மலை அப்படியில்லை. ஏறும்போது வியர்வையில் நனைந்துவிடுவோம். அந்த ஈரத்தோடு குளிர்காற்றில் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால், பிரேக் பிடிக்க விரல் வளையாது. போன முறை நான் பாதி வழியில் நிறுத்தி, டீக்கடையில் கேட்டு வாங்கிய பழைய செய்தித்தாளை ஜெர்சிக்குள் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் இறங்கினேன்.

மழைக்கோட்டு வேண்டாம், உள்ளே வியர்வை தேங்கும். நெருக்கமாக நெய்த மெல்லிய நைலான் போதும். 100 கிராம் அளவிலேயே கிடைக்கிறது. மடித்தால் ஜெர்சியின் முதுகுப் பையில் அடங்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் இறக்கத்தில் படபடக்கும், உடம்போடு ஒட்டிய அளவாக எடுங்கள். கடையில் போட்டதும் ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோலக் குனிந்து பாருங்கள்: இடுப்பு மூடியிருக்கிறதா, மணிக்கட்டு வெளியே தெரியாமல் இருக்கிறதா?

அப்புறம், உச்சிக்குப் போனதும் டீ குடிக்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். உடம்பு சில்லிட்ட பிறகு போட்டுப் பயனில்லை.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஞாயிறு காலை கடற்கரைச் சாலை காந்தி சிலைக்கு எடுத்து வாருங்கள். மற்றவர்கள் போட்டுப் பார்க்கட்டும்.